வெட்கப்படத் துணிந்த ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க

ஒக்லாந்து நகரின் மேற்குப் புறத்தே, நாம் குடியிருக்கும் கிளென் ஈடனில், புகையிரதப் பாதையை அண்டி வைக்குமெற்றே மயானம் பரந்து கிடக்கிறது. 1886 இல் திறக்கப்பட்ட இதுவே நியூசிலாந்தின் மிகப் பெரிய மயானமாகும். முற்காலத்தில் பிரேதங்களும் உற்றார் உறவினரும் நகரிலிருந்து புகையிரதத்திலேயே இங்கு வந்து சேர்ந்தனர். அங்கிலிக்கன் திருச்சபையினர், கத்தோலிக்கர், ஏனைய சபையினர், யூதர் என அவரவர்க்குத் தனித்தனி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஓரிடத்தில் அந்த எல்லைகள் மறைந்துவிட்டன. 1979 நவம்பர் 28 ஆம் நாள் அந்தாட்டிக்காவின் எரெபஸ் மலையில் மோதிய விமானத்தில் 257 பேர் மாண்டனர். அவர்களுள் அடையாளம் காண முடியாது போன 16 பேரின் உடல்கள் இங்கே ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன. யார் எச்சபையினர் என்று கேட்க அங்கு வழியிருக்கவில்லை.

மாண்டோரின் ஒற்றுமைக்கு நிபந்தனைகள் இல்லை. உயிருள்ளோரின் ஒற்றுமை அத்தகையதன்று. ஆண்டுதோறும் யூலை மாதத்தில் 1983 இன் நினைவாக நாம் இங்கு ஒன்றுகூடும்போது, யாரேனும் ஒருவர் எழுந்து, பழையவற்றை மறந்து எல்லா இனத்தாரும் ஒற்றுமையாக வாழப் பழக வேண்டும் என்பார். உடனே இன்னொருவர் எழுந்து, வீட்டைக் கொளுத்தியவனிடம் சொல்ல வேண்டியதை வீடிழந்தவனிடம் ஏன் சொல்கிறீர் என்று கேட்பார். இருவரும் நல்லவரே. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. கூட்டம் கலைந்து வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு மனிதரின் நினைவு எமக்கு வருவதுண்டு. அவர் சிங்களவர், கிறித்தவர், ஆளும் வர்க்கத்தின் நடுவே பிறந்தவர். ஒற்றுமை என்பது எங்கிருந்து, யாரிடமிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்குத் தம் வாழ்வின் கடைசி வாரங்களில் விடை சொல்லிவிட்டுப் போனவர். குருநாகல் மறைமாவட்ட ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவே அவர். எமது தலைமுறையினருள் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. அக்குறையைச் சிறிதேனும் போக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

சிரில் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1927 மார்ச் 25 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பிரித்தானியர் ஆட்சியில் இலங்கைக் குடியியற் சேவையில் உயர்பதவி வகித்த சிங்களவர்களுள் ஒருவர். தமையனார் எஸ்மண்ட் விக்கிரமசிங்க ஏரிக்கரைப் பத்திரிகை நிறுவனத்தை நடத்தியவர். ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர்களுடன் நெருங்கிப் பழகியவர். கொழும்பு றோயல் கல்லூரி, இலங்கைப் பல்கலைக்கழகம், ஒக்ஸ்போர்டின் கீபிள் கல்லூரி என அவ்வர்க்கத்துப் பிள்ளைகளுக்கு வகுக்கப்பட்ட பாதையிலேயே இளைஞர் லக்ஷ்மனும் நடந்தார். அப்பாதை வழமையாகச் சென்றடையும் இடங்கள் நீதிமன்றமும் அமைச்சரவையும் ஆகும். அவரோ ஈலி இறையியற் கல்லூரிக்குச் சென்றார். 1952 இல் குருவாக அபிஷேகம் பெற்று, கிழக்கு லண்டனில் துறைமுகத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பொப்ளர் பகுதியில் தமது முதற் பணியை ஆற்றினார்.

பின்னர் நாடு திரும்பிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் ஆன்மிக வழிகாட்டியானார். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியிருந்தது. 1958 மே மாதத்தில் தமிழர் மீதான முதற் பெருங் கலவரம் நிகழ்ந்தது. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே விடுதியில் உண்டு உறங்கி, வெவ்வேறு மொழிகளில் விரிவுரை கேட்டு, வெவ்வேறு எதிர்காலங்களை எண்ணத் தொடங்கிய காலம் அது. ஒரு நாடு மெல்ல மெல்ல இரண்டாவதைக் கண்ணெதிரே காண்பதற்குப் பல்கலைக்கழகத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. பிற்காலத்தில் அத்தகைய வளாகம் ஒன்றில் விரிவுரையாளராக இருந்த நாம் இதனை அனுபவத்தில் அறிவோம்.

குருநாகல் ஆயர்

1962 இல், தமது 35 ஆவது வயதில், அவர் குருநாகல் ஆயரானார். இம்மறைமாவட்டம் 1950 இல் உருவானது. அதன் முதல் ஆயரான லக்தாச டி மெல், கிறித்தவம் ஆங்கிலேயரின் உடையைக் கழற்றிவிட்டு இம்மண்ணின் உடையை அணிய வேண்டும் என்ற கொள்கையினர். குருநாகலில் அவர் எழுப்பிய கிறிஸ்து அரசர் பேராலயத்தைப் பார்ப்போர், அதன் கூரையிலும் தூண்களிலும் சிங்கள மரபுக் கட்டடக்கலையையே காண்பர். அப்பேராலயத்தின் இரண்டாவது ஆயராகப் பொறுப்பேற்ற லக்ஷ்மன், மண்ணோடு ஒட்டுதல் என்பதைக் கட்டடத்தோடு நிறுத்தவில்லை. திருமணம் செய்யாது எளிமையாக வாழ்ந்தார். பௌத்த பிக்குகளோடும் இடதுசாரிச் சிந்தனையாளரோடும் சமமாக அமர்ந்து உரையாடினார்.

அவரது மறைமாவட்டத்துள் சிங்களக் கிராமங்களும் இருந்தன. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் இருந்தன. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர் அத்தோட்டங்களின் லயன் அறைகளில் வாழ்ந்தனர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேரை இலங்கையில் ஏற்பதென்றும் கணக்கிட்டுப் பங்கு பிரித்தது. நற்கருணைப் பீடத்தின் முன் ஒரே அப்பத்தை உண்போர், பீடத்தை விட்டு இறங்கியதும் ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் நாடற்றவராகவும் பிரிந்து போகும் நிலையில், அவர்களுக்கு ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிதான காரியமன்று.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ் அடிகளாரையும் நினைவு கூர்தல் தகும். மெதடிஸ்த போதகரான அவர், பிரிந்து கிடந்த ஆசியத் திருச்சபைகளை ஒன்றிணைக்கும் முயற்சியில் உலகெங்கும் அறியப்பட்டவர். 1970 இல் காலமானார். அவர் தலைமுறைக்குச் சபைகளின் பிரிவினையே பெருங் கேள்வியாக இருந்தது. லக்ஷ்மன் ஆயரின் காலத்திலோ, சபைகள் ஒன்றுபட்டாலும் நாடு இரண்டுபட்டு எரியுமாயின் அவ்வொற்றுமையால் யாருக்குப் பயன் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

அநீதியைப் பெயர் சொல்லி அழைத்தவர்

1971 ஏப்ரலில் சிங்கள இளைஞரின் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அரசு அதனை இரத்தத்தில் மூழ்கடித்தது. பல்லாயிரம் இளைஞர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அடைபட்டோரின் உரிமைக்காக அவ்வாண்டில் தோன்றியதே குடியியல் உரிமைகள் இயக்கம். லக்ஷ்மன் ஆயர் அவ்வியக்கத்தில் முன்னின்று உழைத்து, அதன் தலைவராகவும் விளங்கினார். அக்கிளர்ச்சியாளருள் பெரும்பாலானோர் பௌத்தர். கடவுள் நம்பிக்கையற்ற மார்க்சியக் கொள்கையினர். அவர்களுக்காக ஓர் ஆயர் வாதாடியமை அன்று பலருக்கு வியப்பளித்தது.

அவ்வியக்கம் அத்தோடு ஓயவில்லை. 1979 இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தபோதும், 1982 டிசெம்பரில் தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பு ஒன்றை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீட்டியபோதும் அது எதிர்ப்புக் குரல் எழுப்பியது. விசாரணையின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை ஒருவரை அடைத்து வைக்க இடமளித்த 1979 இன் சட்டம் தமிழ் இளைஞர் மீதே பெரிதும் பாய்ந்தது. 1971 இல் சிங்கள இளைஞருக்காகப் பேசிய அதே வாய் இப்போது தமிழ் இளைஞருக்காகவும் பேசிற்று.

எதிர்த்து நின்றது யாரை என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். அன்று ஆட்சி செலுத்தியது அவரது குடும்பம் சார்ந்திருந்த கட்சி. தமையனாரின் மகன் ரணில் விக்கிரமசிங்க அவ்வரசில் கல்வி அமைச்சர். அந்நியரைக் கண்டிப்பதற்குத் துணிவு போதும். சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்வோரைக் கண்டிப்பதற்குத் துணிவோடு வேறொன்றும் வேண்டும். அதனை அவர் தம் வேதத்திலிருந்து பெற்றார் போலும்.

கறுப்பு யூலையும் கடைசி உரையும்

1983 யூலை 23 ஆம் நாள் இரவு திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பில் தொடங்கிய தீ, நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர். யூலை 25 ஆம், 27 ஆம் நாள்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். யூலை 28 ஆம் நாள் தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி ஜெயவர்த்தன, இறந்த தமிழருக்காக ஓர் அனுதாபச் சொல்லும் உதிர்க்கவில்லை. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்து பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தனர். பல்லாயிரவர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர். நாம் அப்போது கைக்குழந்தை. எமக்கு அந்த யூலை பெற்றோர் வாய்வழி வந்து சேர்ந்த யூலையேயாகும்.

லக்ஷ்மன் ஆயர் அவ்வேளை இங்கிலாந்தில் இருந்தார். இருதயம் நலிந்திருந்தது, உடல் ஓய்வை வேண்டி நின்றது. அவரோ நாடு திரும்பினார். பாதிக்கப்பட்டோரைத் தேடிச் சென்றார். யாழ்ப்பாணம் சென்று அங்குள்ளோர் சொல்வதைக் கேட்டார். செப்டெம்பரில் தமது மறைமாவட்டப் பேரவையின் முன் ஓர் உரை நிகழ்த்தினார். அதுவே அவருடைய கடைசி மேய்ப்புரை.

அவ்வுரையின் சாரத்தை எமது சொற்களிற் கூறுவோம். நிகழ்ந்தது ஓர் அறக்குற்றம் என்றும், பாதுகாப்பற்ற தமிழர் மீது நடத்தப்பட்ட பழிவாங்கலை எந்த அறநெறி கொண்டும் நியாயப்படுத்த இயலாது என்றும் அவர் கூறினார். சிங்களவர் இதனை ஒப்புக்கொண்டு வெட்கப்பட வேண்டும்; அதுவும் சரியான காரணத்துக்காக வெட்கப்பட வேண்டும் என்றார். நாட்டின் நற்பெயர் வெளியுலகில் கெட்டுவிட்டதே, தொழிற்சாலைகள் எரிந்து பொருளாதாரம் சரிந்துவிட்டதே என்று அன்று பலர் வெட்கப்பட்டனர். அது வெட்கமாகாது, நட்டக் கணக்கு மட்டுமே. அயலவனுக்கு இழைத்த கொடுமைக்காக வெட்கப்படுவதே வெட்கம். அதற்கும் அப்பால், வெட்கம் உள்ளத்தோடு நின்றுவிடலாகாது. பாதிக்கப்பட்ட தமிழரிடம் மன்னிப்பாக அது வெளிப்பட வேண்டும் என்றார்.

தீ வைக்காத சிங்களவரும் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வினா எழுவது இயல்பே. பல சிங்களவர் தமிழ் அயலவரைத் தம் வீட்டு அறைகளில் ஒளித்து வைத்துக் காத்தனர் என்பதும் மறுக்கவொண்ணா உண்மை. ஆயரின் விடை எளிதானது. ஒரு சமூகத்தின் பெருமையில் பங்கு கொள்வோர் அதன் குற்றத்திலும் பங்கு கொள்கின்றனர். துட்டகைமுனுவின் வெற்றியை எம் வெற்றி என்று கொண்டாடுபவர், யூலையின் தீயை மட்டும் யாரோ காடையர் வைத்த தீ என்று தள்ளிவிட முடியாது என்று இதனை நாம் விளங்கிக் கொள்கிறோம். தமிழ் இளைஞரின் ஆயுத வன்முறையையும் அவர் நியாயமென்று ஏற்கவில்லை. ஆனால் அதனைக் காட்டித் தம் இனத்தாரின் குற்றத்தைக் குறைத்துக் காட்டவும் அவர் உடன்படவில்லை. ஒரு தவறு மற்றொரு தவறுக்குத் தராசுப் படியாக மாட்டாது.

அந்த உரை நிகழ்ந்த காலச் சூழலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1983 ஓகஸ்ட் 8 ஆம் நாள் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறியிருந்தது. பிரிவினையை ஆதரிப்போரின் குடியியல் உரிமைகளைப் பறிக்க அது வழி செய்தது. அரசும் ஒற்றுமையைப் பற்றியே பேசிற்று. அதனைச் சட்டமாக்கித் தமிழரிடம் சத்தியம் வாங்கிற்று. ஆயரும் ஒற்றுமையைப் பற்றியே பேசினார். அதற்காகத் தம் இனத்தாரிடம் மன்னிப்பை வேண்டினார். சொல் ஒன்று, பொருள் வடதுருவமும் தென்துருவமும்.

1983 ஒக்டோபர் 23 ஆம் நாள், தமது 56 ஆவது வயதில், மாரடைப்பினால் அவர் காலமானார். யூலையின் துயரமே அவர் இருதயத்தை உடைத்தது என்று அவரை அறிந்தோர் பேசிக்கொண்டனர். அது மருத்துவத்துக்கு எவ்வளவு பொருந்துமோ, அவர் வாழ்வுக்கு நன்கு பொருந்துகிறது.

கேட்கப்பட்ட மன்னிப்பும் கேட்கப்படாததும்

நாட்டின் பெயரால் அம்மன்னிப்பு வெளிவர இருபத்தோராண்டுகள் சென்றன. 2004 யூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983 இன் கொடுமைகளுக்காக மன்னிப்புக் கோரினார். அதன் பின்னரும் யுத்தம் நடந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அது முடிந்த விதத்தை இவ்வேட்டின் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மன்னிப்பு ஒரு மந்திரமன்று. அதன் பின்னே நீதி நடந்து வராவிடின் அது காற்றோடு போய்விடும்.

நாம் வாழும் இந்நாட்டிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. 1863 இல் வைக்காட்டோ மீது படையெடுத்த பிரித்தானிய அரசு, மவோரி மக்களின் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் அளவான நிலத்தைப் பறிமுதல் செய்தது. 1995 நவம்பரில் அரச மன்னிப்பைத் தன்னுள் கொண்ட சட்டத்துக்கு எலிசபெத் மகாராணி நேரில் வந்து ஒப்பமிட்டார். மன்னிப்போடு நிலமும் பணமுமாகப் பதினேழு கோடி டொலர் பெறுமதியான ஈடும் வழங்கப்பட்டது. இழந்ததற்கு அது ஈடாகாது என்பதை மவோரி மக்களே சொல்வர். ஆயினும் குற்றம் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஒப்புக்கொண்டதை இனி எந்த அரசும் மறுக்க முடியாது.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எமக்கும் வாசகருக்கும் வசதியாக இருந்திருக்கும். சிங்களவரிடம் ஓர் ஆயர் கேட்டதை நாமும் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் லக்ஷ்மன் ஆயரை மெய்யாகவே மதிப்போர் அவர் கையிலிருந்த கண்ணாடியைத் தம் முகத்துக்கு நேரேயும் பிடித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

1990 ஒக்டோபரில், ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு இரண்டு மணிநேரம் அவகாசம் கொடுக்கப்பட்டது. நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தாய்மொழியாகப் பேசியோர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் இதுபற்றி வருந்தும் வார்த்தைகள் கூறப்பட்டன. ஆனால் அவ்வார்த்தை இயக்கத்தின் வார்த்தை. அன்று வாசற்படியில் நின்று பார்த்த நாம், எம் பெற்றோர், எம் அயலவர் என்ன சொன்னோம்?

நாம் விரிவுரையாளராக இருந்த காலத்தில், வருடந்தோறும் 1983 ஐப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்துவதுண்டு. ஒரு முறை விரிவுரை முடிந்ததும் முஸ்லிம் மாணவி ஒருவர் எழுந்தார். பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், அவர் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில். 1990 ஒக்டோபரைப் பற்றி எப்போது படிப்பிப்பீர்கள் சேர் என்று மரியாதையாகக் கேட்டார். பாடத்திட்டத்தில் இல்லை என்று நாம் விடை சொன்னோம். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவர் கோழையாக இருக்கலாம் என்பதை அன்று கற்றோம். அந்தப் பிள்ளை நன்றி சொல்லி அமர்ந்துவிட்டார். பின்னர் எழுதியவற்றுக்காக நாம் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனால் எழுதியவற்றுள் அக்கேள்விக்கான விடை இருக்கவில்லை.

நாம் சைவக் குடும்பத்திற் பிறந்தவர். பாவசங்கீர்த்தனம் எமது மரபன்று. எனினும் குருநாகல் ஆயரின் வாழ்விலிருந்து நாம் கற்றது சமய எல்லை கடந்தது. ஒற்றுமையைக் கோரும் உரிமை குற்றமிழைத்த தரப்புக்கு இல்லை. மன்னிப்பைக் கேட்கும் கடமையே அதற்கு உண்டு. மன்னிப்பதும் மறுப்பதும் பாதிக்கப்பட்டோரின் உரிமை. பாதிக்கப்பட்டோர் ஓரிடத்தில் நாமாக இருக்கிறோம். இன்னோரிடத்தில் எதிர்ப்புறத்தில் நாம் நிற்கிறோம். எமக்கு உரிய மன்னிப்பு முழுமையாகக் கிடைக்கும்வரை நாம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கமாட்டோம் என்பது வியாபாரியின் பேச்சு. ஆயர் அவ்வாறு பேரம் பேசவில்லை. தமிழர் முதலில் தம் தவறுகளைச் சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கவுமில்லை.

ஒக்டோபர் 23 ஆயர் மறைந்த நாள். அதிலிருந்து ஏழாம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட நாள். யூலைக்காக ஆண்டுதோறும் விளக்கேற்றும் நாம், ஒக்டோபருக்காகவும் ஒரு விளக்கை ஏற்றலாகாதா? அவ்விளக்கின் முன் எமது முஸ்லிம் சகோதரரை அழைத்து, அவர்கள் சொல்வதை இடைமறியாது கேட்கலாகாதா? பெரிய மேடைகள் இதற்குத் தேவையில்லை. கிளென் ஈடனில் ஒரு வீட்டு முன்னறை போதும்.

பல ஆண்டுகள் பிந்தியேனும் அந்த மாணவிக்கு நாம் இங்கே விடை கூறுகிறோம். பாடத்திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லாதபோதும் நாம் சொல்லியிருக்க வேண்டும். எம்மை மன்னிப்பதும் மறுப்பதும் அவர் உரிமை.